உயிரியல் வகுப்பறை

கல்லடியில் மூடிக்கிடந்த டியூட்டரியின் மேல்மாடி.
மூன்று நாளுக்குப் பதினெட்டாயிரம், கரண்ட் காசு வேறு.
"என்ன கண்காட்சி?" என்றார் கட்டடக்காரர்.
"மனித உடல்" என்றான் திவ்வியராஜ்.
"ஆ, பயோலொஜி" என்று சாவியைத் தந்தார்.
நாங்கள் திருத்தவில்லை.

வெண்பலகையில் இன்னும் அழியாமல்
எந்த மாஸ்டரோ கீறிய இதயத்தின் குறுக்குவெட்டு.
அதை அப்படியே விட்டோம்.

ஏழு பேர், ஏழு ஆண்கள், சுவரில் வேறு ஏழு ஆண்கள்.
பார்த்லட் வீட்டு நெவில் வேப்பம் பலகையில் செதுக்கியது
வலை இழுத்து முறுகிய ஒரு தொடை.
காத்தான்குடியிலிருந்து வந்த படத்துக்குப் பெயரட்டை இல்லை:
சலூனில் அப்போதுதான் வழித்த கழுத்தின் பின்பக்கம்,
பவுடர்கூடத் துடைக்கவில்லை.
அதை வரைந்தவன் மேலே ஏறவேயில்லை.
எதிர்க்கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு
எங்கள் ஜன்னலைப் பார்த்திருந்தான்.

என்னுடையது குளிக்கிற ஆள்.
முதுகெலும்பின் பள்ளத்தில் இறங்குகிற தண்ணீர்,
அந்தத் தண்ணீருக்கு மட்டும் நான்கு மாதம்.
அந்த முதுகை எனக்குத் தெரியும்.
அவன் கைக்குச் சவர்க்காரம் எட்டாத இடமும் தெரியும்.

முதல் நாள் பதினொரு பேர். இருவர் வாசலோடு திரும்பினார்கள்.
ஒருவர் கொப்பியில் "வெட்கம்" என்று எழுதி
முழுப்பெயரோடு ஒப்பமும் வைத்தார்.
எங்களில் பாதிப் பேருக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

இரண்டாம் நாள் மழை.
ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஒதுங்க ஏறி வந்தார்,
ஐம்பத்தைந்து இருக்கும், பொத்தானைத் தள்ளும் வயிறு.
செருப்பை வாசலில் விட்டார், கோயிலுக்கு வந்தவர்போல.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஒவ்வொரு படத்தையும் அரிசி பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நல்லாத்தான் கீறியிருக்கிறீங்க மனே.
ஒருத்தனுக்கும் மூஞ்சி இல்லயே?"

முதுகு, தொடை, கழுத்து,
துவாலைக்குள் ஒரு தலை, தண்ணீருக்குள் ஒரு தலை.
நாங்கள் பேசிவைத்துச் செய்ததல்ல.
சின்ன ஊர். புளியந்தீவில் தும்மினால்
கல்லாற்றில் மருந்து சொல்வார்கள்.

"வண்டி வச்ச ஆம்பிளையக் கீற மாட்டீங்களோ?"

சிரித்தோம், இரண்டு நாளில் முதல் தடவையாக.
திவ்வியராஜ் கரித்துண்டை எடுத்தான்.
"இரிங்கண்ண. விருப்பமெண்டா சேர்ட்டைக் கழட்டுங்க."

கழற்றினார்.
கழற்றியதும் கைகள் இரண்டும் தாமாகவே மேலே போயின.
மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டினார்.
முப்பது வருசத்துக்கு முந்திய பாலத்தடி வரிசை
அந்த விலாவில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"கையை இறக்குங்கண்ண" என்றான் திவ்வியராஜ்.
"இது சும்மா பார்க்கிறதுக்கு."

இறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு வாங்கில் சாய்ந்தார்.
வண்டி மடிப்பு மடிப்பாக மடியில் அமர்ந்தது.
மார்பு மயிரில் நரை, அடிவயிற்றில் பழைய தையல்.
கரி அவரைச் சுற்றிச் சுற்றிப் போனது,
எங்கேயும் குறைக்காமல்.

"மூஞ்சியையும் போடு மனே."
"போட்டா உங்கள ஆரும்..."
"என்ட மூஞ்சிதானே."

அவர் எங்கள் ஆளா என்று யாரும் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
மழை விட்டதும்
குளிக்கிற ஆளின் முன்னால் இன்னொரு தரம் நின்றார்,
பிறகு செருப்பைத் தேடினார்.

இதயத்தின் பக்கத்தில் அவரை செலோடேப்பால் ஒட்டினோம்.

மூன்றாம் நாள் பின்னேரம் சாவிக்கு வந்த கட்டடக்காரர்
"இது நம்மட ஓட்டோ நல்லரெத்தினம்தானே" என்றார்.
கண்ணாடியை மாட்டினார்.
மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்,
யாருடைய முதுகு, யாருடைய கழுத்து என்று
கணக்குப் பார்ப்பவர்போல, மிக மெதுவாக.

என் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் போனேன்.
கை சட்டத்தில் இருந்தது.
அப்படியே இருந்தது.